சுவரைப் பார்த்த கதவு

ஓர் எவர்சில்வர் தம்ளர். அதிலிருந்து தரையில் ஊற்றிய தண்ணீர். நெல்லித்தோப்பில், அக்கா வீட்டுக் கூடத்தின் சிவப்புச் சிமென்ட் தரையில், அது முதலில் போக்கிடம் தெரியாததுபோல் வட்டமாக நிற்கும். பிறகு ஒரு பக்க விளிம்பு மட்டும் அசையும். அசைந்து, நீண்டு, மெல்லிய நாக்காகித் தெருப்பக்கச் சுவரின் மூலையில் இருந்த ஓட்டையைத் தேடிக் கிளம்பும். அக்காவின் கணவர், என் மாமா, கன்னம் தரையில் படுமளவு குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பாத்தியா மாப்ள, எங்க போவணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்பார். ஊரூராக வேலை மாறி, வாடகை வீடுகள் மாறி, எந்தத் தரையிலும் நிலைக்காமல் திரிந்துவிட்டேன். அந்தத் தண்ணீர் மட்டும் எனக்குள் இன்னும் ஓடி முடியவில்லை.

மாமா மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடிய பிறகு லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குப் போனார். வேலை கிடைத்தது, தூக்கம் போனது. இரைச்சலிலேயே பழகிய காதுக்கு வீட்டின் அமைதி தாங்கவில்லை. யாரோ ஒரு நண்பர் வீட்டில் மீன்தொட்டியின் மோட்டார் சத்தம் கேட்டு, உட்கார்ந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டாராம். அப்படித்தான் வந்தது அந்த ஆசை. சின்னக் குடுவை இல்லை. நாலடி நீளத் தொட்டி. தண்ணீர் நிரப்பினால் நாலு ஆள் எடை வரும். அதைத் தாங்கும் மேடையைத் தன் கையால்தான் செய்வேன் என்று நின்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் வீட்டைக் கழுவிவிடுகிறவர்கள் நாங்கள். தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காகக் கொத்தனார் தரைக்கு வாட்டம் வைத்துத்தான் பூசியிருப்பார். நடக்கிற காலுக்கு அந்தச் சரிவு தெரியாது. கண்ணாடித் தொட்டிக்குத் தெரியும். பாரம் ஒரு பக்கம் இறங்கினால் ஒட்டு விட்டுப்போகும். அதனால், தெருப்பக்கச் சுவரோரம் வைக்கப்போகும் மேடையில், வீட்டின் உட்பக்கம் நிற்கும் இரண்டு கால்களையும் கொஞ்சம் குட்டையாக்க வேண்டும். தம்ளர் தண்ணீரை வைத்து மாமா கண்டுபிடித்தது இதைத்தான். பழைய நிலைச் சட்டங்களை இழைத்து மேடை செய்தார். வலையும் தீனியும் வைக்க அடியில் ஓர் அலமாரி, அதற்கு ஒற்றைக் கதவு. கடைசியில் மேடையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சாக்பீஸால் கோடு போட்டு, அறுத்தார்.

நிமிர்த்தி வைத்தால் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது. கவிழ்த்ததில் பக்கம் மாறிப்போய், தெருப்பக்கக் கால்களை அறுத்திருந்தார்.

அடுப்படி வாசலில் நின்று அக்கா பார்த்தாள். "மீனுங்களுக்குச் சறுக்குமரமா செஞ்சிருக்கீங்க?"

மாமா மேடையைச் சுற்றி வந்தார். பிறகு என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, அதை அப்படியே முன்பின்னாகத் திருப்பினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அலமாரிக் கதவு இப்போது சுவரைப் பார்த்தது.

"இந்த அலமாரி யாருக்கு, தெருவுல போறவங்களுக்கா?"

"இன்னொருக்கா அறுத்தா பலகதான்டி மிஞ்சும். வுடு. மீனுங்களுக்கும் ஒரு ரகசியம் வேணும்ல."

மறுபடி அறுக்கவில்லை. குருசுக்குப்பம் கடற்கரையிலிருந்து மணல் கொண்டுவந்தார். வாளியில் போட்டு அலசுவார், நாக்கில் ஒரு துளி வைப்பார், "இன்னும் கரிக்குது" என்று மறுபடி அலசுவார். கரிப்பு போகும்வரை அவர் கொட்டிய தண்ணீரெல்லாம் தானாகவே மூலை ஓட்டைக்குப் போனது. அந்த அமர்க்களத்தில் தம்ளர் காணாமல் போய்விட்டது. அக்காவுக்குச் சீராக வந்தது, அவள் பெயர் வெட்டியது. எந்தச் சண்டை வந்தாலும் அதில்தான் போய் முடியும். "எங்கம்மா குடுத்த தம்ளரு. மீன் முழுங்கிடுச்சா?" மாமா தொட்டியைப் பார்த்துச் சிரிப்பார். மோட்டார் இரையும். நன்றாகத் தூங்கினார் அந்த வருஷங்களில்.

ஞாயிறுகளில் தண்ணீர் மாற்றுவார். ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறு முனையை வாயால் உறிஞ்சித் தரையில் போட்டுவிடுவார். வாளி வேண்டாம். வாட்டம் பார்த்துக்கொள்ளும். பழைய தண்ணீர் கூடத்தைக் கடந்து தெருவுக்கு இறங்கும்வரை நாற்காலியில் சாய்ந்திருப்பார்.

அப்படி ஒரு ஞாயிறு, அக்கா காய்கறிப் பையோடு திரும்பியபோது தெருவில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக ஓடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வருமுன்பே சத்தம் போட்டாள். "என்னங்க, தண்ணிய நிறுத்துங்க. தெருவெல்லாம் ஓடுது, காது கேக்கல?" மாமா நாற்காலியில்தான் இருந்தார், தலை ஒரு பக்கமாக. குழாய் காலடியில் கிடந்தது. தொட்டியில் மணலை ஒட்டிக் கொஞ்சம் தண்ணீர். அதில் மீன்கள் பக்கவாட்டில் படுத்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் பாதத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் அப்போதும் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சு நின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். நெஞ்சு நின்ற அந்த நொடியின் எந்தப் பக்கத்தில் தன் குரல் இருந்தது என்பதுதான் அக்காவுக்குத் தெரியவில்லை.

"கடைசியா கத்திட்டேன்டா. அது அவருக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருந்தால் நல்லதா, கேட்காமல் இருந்திருந்தால் நல்லதா என்று எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றுவேன். மீன்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். தொட்டி காய்ந்து நின்றது. வெள்ளிக்கிழமைக் கழுவலும் நின்றுபோனது. ஈரத்துணியால் துடைப்பாள், அவ்வளவுதான். அந்தத் தரையில் தண்ணீர் ஓடுவதை அவளால் பார்க்க முடியவில்லை.

இந்த வருஷம் அக்காவின் மகள் லாஸ்பேட்டையில் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனாள். அம்மாவையும் கூப்பிட்டாள். "காலித் தொட்டி எதுக்கும்மா? எடைக்குப் போட்டுடலாம்." அக்கா, "அது வரலன்னா நானும் வரல" என்றாள். ஆட்கள் வந்து, தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, மேடையைச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். இத்தனை காலமும் சுவரைப் பார்த்திருந்த கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளிருந்து ஒரு தம்ளர் உருண்டு வந்து, தரையின் வாட்டத்தில், மூலை ஓட்டையருகே நின்ற அக்காவின் காலடிவரை வந்து நின்றது. அன்றைக்கு மாமா மேடையைச் சுவரோரம் தள்ளுமுன் கையோடு உள்ளே வைத்திருக்கிறார். அக்கா எடுத்து, முந்தானையால் துடைத்து, தன் பெயரைத் தானே படித்தாள். ஆட்டோவில் வழிநெடுக மடியிலேயே வைத்திருந்தாள்.

புது வீட்டில் மேடை சாய்ந்து நின்றது. பழைய தரையின் சரிவை அது தன் கால்களிலேயே கொண்டுவந்திருந்தது. யாருமில்லாத ஒரு நாற்காலியைப் பார்க்கக் குனிந்ததுபோல் இருந்தது எனக்கு. குட்டைக் கால்களுக்கு அடியில் முட்டுக்கொடுக்க மரச் சக்கை தேடிக்கொண்டிருந்தபோது, அக்கா அந்தத் தம்ளரில் தண்ணீரோடு வந்தாள். மேடைக்கு முன்னால் ஊற்றினாள். மூட்டு வலியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

தண்ணீர் வட்டமாக நின்றது.

"போவலையே" என்றாள்.

"எங்கயும் போவாதுக்கா. டைல்ஸ மட்டமா போட்டிருக்கான்."

விளிம்பு அசைகிறதா என்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "சக்கைய வைடா. தண்ணி ஊத்திடலாம்" என்றாள்.

குளியலறைக் குழாயிலிருந்து ரப்பர் குழாய் இழுத்தோம். மகள் குழாயடியில் நின்றாள், நான் தொட்டியருகே. அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். கோணல் கால்களுக்கு மேலே தண்ணீர் நேர்கோடாக ஏறிக்கொண்டிருந்தது. விளிம்பை நெருங்கும் நேரம், அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என்னங்க, தண்ணிய நிறுத்துங்க."

அந்தப் பழைய குரலேதான், கோபம் மட்டும் இல்லை. மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் குழாயை மூடினாள். அடுப்படியிலும் பாத்திரச் சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து அக்கா வாசலில் வந்து நின்றாள். நின்றுபோன தண்ணீரையே பார்த்தாள். எங்களைப் பார்க்கவில்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா" என்றேன்.

தம்ளரிலிருந்து ஊற்றிய தண்ணீர் மேடைக்கு முன்னால் அப்படியே இருந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை. சுற்றிக்கொண்டு நடந்தோம்.