கறுப்பாகவே காத்திருந்த விமானம்

வாலாஜாபாத்தில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது தேன்மொழியின் மகள் போனில் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க அங்கிள். தூக்கத்துலயே." எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அமாவாசை இன்னும் வரவில்லையே.

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் தேன்மொழி. வீட்டில் பிளாஸ்டிக் விமான மாடல்கள் செய்வார். பிளாஸ்டிக்கைப் பார்த்தவர்கள் அலுமினியம் என்று நம்ப வேண்டும், அதுதான் அவருக்குப் பைத்தியம். மாடல் செய்யும் எங்கள் குழுவில் அவரிடம் திட்டு வாங்காதவர் யார்? "வெள்ளி கறுப்புலதான் இருக்குதுபா. மேல அடிக்கிறது சும்மா ஒரு மூச்சு" என்பார். கண்ணாடிபோல் கறுப்பு அடித்து, தேய்த்து, அதன்மேல் வெள்ளிப் பெயிண்டை மெலிதாகத் தூவ வேண்டும். கொஞ்சம் தடித்தாலும் சாம்பல் பூசிய பொம்மைதான்.

பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டுக்கு இருபுறமும் தறி. பட்டுப் பிசிறு மிதந்து வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். அதனால் தறிகளுக்கு விடுமுறையான அமாவாசையில் மட்டுமே வெள்ளி அடிப்பார். ஒருமுறை அவசரப்பட்டு வேறு நாளில் அடித்தார். இறக்கையில் ஒரே ஒரு பிசிறு. மொத்தத்தையும் துடைத்துவிட்டார்.

"யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சிடுச்சேபா."

போனில் சேதி கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இதனால்தான். கடைசி விமானத்துக்குக் கறுப்பு அடித்து முடித்திருந்தார். போன அமாவாசையில் மழை. ஈரக்காற்றில் வெள்ளி மங்கிவிடும் என்று தள்ளிப்போட்டார். அன்றைக்கே அடித்துத் தொலைத்திருந்தால் கண்ணால் பார்த்துவிட்டாவது போயிருப்பார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் தறிச்சத்தமே இல்லை. சாவு விழுந்ததால் எல்லாரும் நிறுத்தியிருந்தார்கள். மகள் என்னை அந்தக் கறுப்பு விமானம் இருந்த மாடிக்குக் கூட்டிப்போனாள்.

"தறி எல்லாம் நின்னுக்கினு இருக்குது அங்கிள். அம்மாவ எடுக்கறதுக்குள்ள அடிச்சிடுங்க."

கீழே அழுகை, மேலே பெயிண்ட் தூவும் கம்ப்ரசரின் இரைச்சல். வெள்ளியை அடித்தேன். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக உலோகமாக மாறியது. காய்ந்ததும் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்தேன். பக்கத்து வீட்டு நெசவாளர் குனிந்து பார்த்து, "அலுமினியமாபா?" என்று மெதுவாகக் கேட்டார். அதைக் கேட்கத் தேன்மொழி இல்லையே என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

அவர் பெயிண்ட் தூவிய ஏர்பிரஷை மகள் எனக்குக் கொடுத்துவிட்டாள். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை. அவர் காத்திருந்த அமாவாசையும் வந்தது. மழை இல்லை, தறி ஓடவில்லை, காற்றில் ஒரு தூசி இல்லை. எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. ஏர்பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தேன். அடிப்பதற்கு ஒன்றுமே இல்லை.