நைட்டிக்கடை மருமகளின் கைலி

எனக்குப் புதுத்துணி ஆகாது. கஞ்சியின் மொடமொடப்பு, பின்கழுத்தில் குத்தும் லேபிள், விலாவில் ஓடும் தையல், எல்லாம் படுத்த பிறகுதான் தங்கள் வேலையைக் காட்டும். பகலில் எப்படியோ பொறுத்துக்கொள்வேன். படுத்துவிட்டால் ஒரு பிசிறு நூல்கூட என்னைத் தூங்கவிடாது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் நன்றாகத் தூங்குகிறவர்கள்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் நைட்டிக்கடையில் கட்டிக்கொடுத்தார்கள். நான் நரிக்குடிப் பக்கம், மாப்பிள்ளை வீடு பாளையம்பட்டி. முன்னால் கடை, பின்னால் வீடு. கல்யாணமான மறுவாரமே மாமியார் கடையில் உசத்தியான நைட்டி ஒன்றை எடுத்து, மூலையில் மஞ்சள் தடவி நீட்டினார். நெஞ்சில் லேஸ், கையில் எலாஸ்டிக், துணியில் பாதிக்குமேல் நைலான். ஒரு தடவை அலசிவிட்டுப் போடுகிறேன் என்றேன். உடுத்தாத துணியை நனைத்தால் லட்சுமி போய்விடுவாளாம். கோடைக்காலம் வேறு. விடிய விடியச் சொறிந்தேன். காலையில் கழுத்தெல்லாம் தடிப்பு. லட்சுமி எங்கேயும் போகவில்லை, என் தூக்கம்தான் போயிற்று.

மறுநாள் என் பெட்டியிலிருந்து அப்பாவின் பழைய கைலியை எடுத்தேன். துவைத்துத் துவைத்துக் கட்டம் எது, கோடு எது என்று தெரியாமல் போன கைலி. மேலே ஒரு பழைய சட்டை. அந்த வீட்டில் நான் முதன்முதலாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

மாமியாருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. நைட்டி விற்கிற வீட்டு மருமகள் ஆம்பிளைக் கைலியில் கிடக்கிறாள் என்று தெரிந்தால் கடைப்படியை எவள் மிதிப்பாள் என்று கேட்டார். கைலியைக் கொடியில் காயப்போடக் கூடாது என்றார். குளியலறைக் கதவுக்குப் பின்னால்தான் அது காய்ந்தது. அதோடு விட்டாரா? வந்துபோகிற உறவு அத்தனை பேரிடமும் சொல்லிச் சிரித்தார். கருவேலங்காட்டில் விறகு பொறுக்கிய உடம்பு, அதற்கு லேஸ் குத்துகிறதாம், எல்லாம் திமிர் என்பார். என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிற மனிதர். அம்மாவிடம் எதற்கு வம்பு என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது. நான் மாமியாரை வெறுத்தேன். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை.

போன வருசம் நாத்தனார் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக் கூடாது, பழந்துணியில்தான் சுற்ற வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் அந்த வீட்டில் பழந்துணிக்கு எங்கே போவது? ஒரு துணி கொஞ்சம் வெளுத்தாலே மாமியார் தெருவில் வருகிற பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்கிவிடுவார். பரண் நிறைய டப்பா இருந்தது, கடை நிறையப் புதுத்துணி இருந்தது, பிள்ளையைச் சுற்ற ஒரு முழம் இல்லை.

குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று நான் கடையில் இருந்தேன். மத்தியானம் சாப்பிட உள்ளே போனால், கூடத்தில் உட்கார்ந்து மாமியார் என் கைலியைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே நாலைந்து துண்டு ஆகியிருந்தது. அதில் ஒன்றில் குழந்தை நிம்மதியாக உறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பச்சைக் குழந்தையின் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

என்னைக் கேட்காமல் ஏன் எடுத்தீர்கள் என்றேன்.

"பச்ச ஒடம்புத்தா. புதுத்துணி உறுத்தாதா?"

அவர் குரலில் கேலியே இல்லை. உலகத்துக்கே தெரிந்த விசயத்தைச் சொல்வது போலச் சொன்னார். நான் சொன்னால் திமிர், அவர் பேத்திக்கு என்றால் நியாயம். பின்வாசல் வழியாகக் கொல்லைக் கொடி தெரிந்தது. அதில் மாமியாரின் நூல்சேலைகள் இரண்டு காய்ந்தன. ராத்திரிக்கு மட்டும் அவர் கட்டுகிற, சாயம் போன சேலைகள். தினமும் பார்த்ததுதான், அதுவரை எனக்கு உறைத்ததில்லை.

"ஒங்க சேலை ரெண்டு கெடக்கே அத்தை. அதுல ஒண்ணக் கிழிச்சிருக்கலாம்ல?"

"அதக் கிழிச்சுட்டு நான் எதக் கட்டிப் படுக்க? புதுசு கட்டுனா எனக்குப் பொட்டுத் தூக்கம் வராதுத்தா."

சொல்லிவிட்டு அடுத்த துண்டைக் கிழித்தார். பக்கத்தில் படுத்திருந்த நாத்தனாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. இத்தனை நாளும், பாவம், மாமியார் உடம்புக்கு உறுத்தல் என்றால் என்னவென்றே தெரியாது போலிருக்கிறது என்று நான்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என்னை லேஸில் படுக்கச் சொல்லியிருக்கிறார்.

நான் கொல்லைக்குப் போனேன். இரண்டு சேலையையும் தடவிப் பார்த்து, அதிகம் மெத்தென்று இருந்ததைக் கொடியிலிருந்து உருவினேன். கூடத்தின் வழியாகவே, அவர் கண்ணுக்கு முன்னாலேயே, என் அறைக்குக் கொண்டுபோனேன். கிழித்துக்கொண்டிருந்த கை நின்றது.

அதைத்தான் இன்றுவரை கட்டிப் படுக்கிறேன். மிச்சமிருக்கும் ஒன்று துவைத்துக் காயாத நாளில் அவருக்குப் புதுச்சேலைதான் கதி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் புரண்டு புரண்டு படுப்பது எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன்.