சதுரங்கப்பட்டினம் கோட்டையில் ‘வெளியே போன நேரம்’

ஆம்ஸ்டர்டாமுக்காக வாங்கிய முதுகுப்பைகளை மாட்டிக்கொண்டு போன மாதம் ஒரு ஞாயிறன்று சதுரங்கப்பட்டினம் போய்வந்தோம். கல்பாக்கத்தை ஒட்டிய அந்த ஊரில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் மாமல்லபுரம் இருப்பதால் அந்தக் கோட்டையை யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நடுவில் எங்கள் சொந்த விவகாரமும் வரும். அதை விட்டுவிட்டு ஒருமுறை எழுதிப் பார்த்தேன், கட்டுரை பொய்யாக இருந்தது.

நாங்கள் மூன்று பேர். நான் கூடுவாஞ்சேரி, ஐ.டி. வேலை. ஸ்டெல்லா ஊரப்பாக்கம், தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். முரளி கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவன். பூர்விகம் திருநெல்வேலி, அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியில் வேலை. கல்லூரியில் ஒரே வகுப்பு. மூன்று வருடம் ஐரோப்பா, ஐரோப்பா என்று பேசியே தீர்த்துவிட்டு இந்த வருடம்தான் விசாவுக்கு விண்ணப்பித்தோம். எனக்கும் முரளிக்கும் வந்தது. ஸ்டெல்லாவுக்கு வரவில்லை. சொந்த நாட்டுக்குத் திரும்பி வருவார் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லையாம்.

எங்களுக்கு எது ஆதாரம்? முரளிக்கு அப்பாவின் அரசு வேலை, ஊரில் வீடு. எனக்கு, அப்பா என் பெயரில் வாங்கிப்போட்ட ஒரு மனை. அந்த இடமெல்லாம் முன்பு வயல். ஸ்டெல்லாவின் அம்மா அந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பஸ் நம்பர் சொல்வதுபோல, ஸ்டெல்லா சொன்ன தகவல் இது. மண்ணைப் பார்த்தே இராத எனக்கு அந்த மண் ஊர் திரும்பக் காரணமாம். அதில் குனிந்து வேலை செய்தவரின் மகளுக்கு ஊரில் எந்தப் பிடிப்பும் இல்லையாம்.

இவ்வளவு கோபப்படுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லா இல்லாமலே போவது என்று நானும் முரளியும் பேசி முடித்துவிட்டோம். பயணத் தேதியை மாற்றத் திங்கட்கிழமை வரை அவகாசம் இருந்தது. மாற்றுவதாக இல்லை. அவளிடம் சொல்லவும் இல்லை. பையைச் சுமந்து பழகலாம் என்று கூட்டிப்போய், டச்சுக் கோட்டையைக் காட்டி, அங்கே வைத்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்பது என் யோசனை. ஆறுதல் பரிசு.

ஸ்டெல்லா வந்த மின்சார ரயிலில் கூடுவாஞ்சேரியில் 6.20க்கு ஏறினேன். செங்கல்பட்டுக்கு அரை மணி நேரம், டிக்கெட் பத்து ரூபாய். கொளவாய் ஏரி ஜன்னலுக்கு வரும்போது எழுந்து நில்லுங்கள். காலை வெயிலில் ஏரி தகடு மாதிரி கிடக்கும். செங்கல்பட்டில் 7.15க்கு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாதாரண பஸ். முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

எங்கள் பைகள் ஒரு முழு சீட்டைப் பிடித்திருந்தன. நடத்துநர் அவற்றைத் தட்டிக் கேட்டார். “இன்னாம்மா, இவங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடவா?”

“அண்ணாத்த, அதுக்கே விசா கெடைக்கல. டிக்கெட் வேற போடுவியா?” என்றாள் ஸ்டெல்லா.

அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் சிரித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முரளி கல்பாக்கத்திலிருந்து வந்து மாமல்லபுரத்தில் காத்திருந்தான். மாமல்லபுரம் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அர்ச்சுனன் தபசு பாறைக்கு ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. டிக்கெட்டும் கிடையாது. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்ததுதானே என்று போய் நின்றேன். யானையின் கால்களுக்கு நடுவே குட்டிகள் ஒண்டியிருப்பதைப் பார்த்ததும் பையைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாறையை வெட்டியதாகவே தோன்றவில்லை. யானைகள் பாறைக்குள்ளிருந்து நடந்து வந்து பாதியில் நின்றது போல இருந்தது.

கொஞ்சம் தள்ளிப் பாறைகளில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். ஆப்பு அடித்துப் பாறையைப் பிளப்பதற்காக வெட்டியவை. சில வரிசைகள் பாதியில் நிற்கின்றன. ஸ்டெல்லா ஒரு குழியில் விரலை விட்டுப் பார்த்தாள். “எவனோ சாப்ட்டு வரேன்னு எழுந்து போனவன் வரவேயில்ல.” ராஜாக்களின் பெயர்களுக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். குழி தோண்டியவர்களுக்கு இல்லை. விரல் நுழைகிற அளவு குழிதான் அவர்களின் கையெழுத்து. கடற்கரைக் கோயிலுக்கு ஆளுக்கு நாற்பது ரூபாய். கடல் காற்று தின்று தின்று முகமெல்லாம் மழுங்கிய சிங்கங்களைப் பாருங்கள். கொடுத்த காசு அதற்கே சரியாகிவிடும்.

11.10க்குப் பஸ் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம். கடற்கரையோடு நடந்தே போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். நடுவில் அணுமின் நிலையப் பகுதி, அனுமதி கிடையாது. முரளி முன்பே எச்சரித்ததால் தப்பித்தோம். இறங்கிய இடத்திலிருந்து கோட்டைக்குக் கால் மணி நேரம் நடந்தோம். நண்பகல் வெயில், முதுகில் ஒன்பது கிலோ.

கோட்டை வாசலில் சின்ன பீரங்கிகள், ஒரு மேசை, ஒரு காவலர். ஐம்பது வயது இருக்கும், பக்கத்துக் குப்பத்துக்காரர். எங்கள் பைகளை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா நைனா, வூட்ட காலி பண்ணிகினு வந்துட்டியா?” என்று முரளியைக் கேட்டுவிட்டு ஒரு நீள நோட்டைத் தள்ளினார். பெயர், ஊர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து. கட்டணம் இல்லை, நோட்டு மட்டும் கட்டாயம். உள்ளே வந்த நேரம் 12.05 என்று எழுதினோம்.

உள்ளே எங்களைத் தவிர யாரும் இல்லை. இவ்வளவு பெரிய இடம் காலியாகக் கிடக்கும் என்று நான் நினைக்கவில்லை. செங்கல் சுவர்கள், தானியம் கொட்டிவைத்த நீளக் கட்டடம், யானை மேல் ஏறுவதற்காகக் கட்டிய சரிவு மேடை. சுவர் மேலிருந்து பார்த்தால் கடல். இந்தக் கரையில் நெய்த மெல்லிய துணியை இங்கிருந்துதான் கப்பலேற்றினார்கள். நாங்கள் விமானத்தில் போய்ப் பார்க்க ஆசைப்பட்ட ஊர்களின் பணக்கார வீடுகளுக்கு அந்தத் துணி எப்போதோ போய்விட்டது. நெய்தவர்கள் இங்கேயே இருந்துவிட்டார்கள்.

கல்லறைப் பகுதி தனிச் சுவருக்குள் பூட்டியிருந்தது. கேட்டால் திறப்பார்கள், கேட்காமல் திரும்பிவிடாதீர்கள். காவலர் சாவியோடு கூடவே வந்தார். தரையோடு படுத்திருந்த கற்களில் முழுக்க டச்சு எழுத்து, குடும்பச் சின்னங்கள், இலைக்கொடிகள். நேற்று வெட்டியது போல எழுத்தின் ஓரம் விரலில் இடறியது. தெரியாத மொழியை ஒரு வளைவு பிசகாமல் வெட்டிய உளி நம் ஊர்க்காரருடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நிச்சயமாகத் தெரியாது. மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஸ்டெல்லா ஒரு கல்லருகே குந்தி எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

“ஸ்டெல்லா, ஒண்ணு சொல்லணும்.”

“தெரியும்டி.” கையை எடுக்கவில்லை. “முரளி பைல ரெண்டு பாரின் பிளக் கன்வெர்ட்டர் துருத்திகினு கீது. மூணு பேர் போறதா இருந்தா மூணு வாங்கியிருப்பான்.”

முரளி பையைப் பின்னால் தள்ளினான். “இல்ல ஸ்டெல்லா, நான் அன்னைக்கே சொல்லணும்னு...”

“போறது தப்புன்னு சொல்லல மச்சான். லீவு கெடச்சிது, காசு கட்டிட்ட, போ. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போ. அத்த வுட்டுட்டு, அழுவுற கொழந்தைக்கு பொம்ம காட்ற மாரி டச்சுக்காரன் சமாதிய காட்ட இட்டுகினு வந்தீங்க பாரு, அதான்டா பேஜாரா கீது.”

அவள் காவலரிடம் திரும்பினாள்.

“அண்ணாத்த, இவங்கல்லாம் ஊருக்குத் திரும்பிப் போவலியா?”

“எங்கம்மா போறது? இங்கியேதான படுத்துகினு கீறாங்க.”

“வரும்போது திரும்பிடுவோம்னு எழுதிக் குடுத்தாங்களா?”

“யார்கிட்ட குடுப்பாங்க? அப்ப ஏது நோட்டு, அப்ப ஏது நானு?”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள், காவலரும் சிரித்தார். நாங்கள் இருவரும் வெயிலில் நின்றோம்.

வெளியே வரும்போது அவர் மறுபடி நோட்டை நீட்டினார். எங்களுக்கு மேலே இருந்த பல வரிகளில் வெளியே போன நேரம் காலியாக இருந்தது. “எழுதாம போயிடறாங்கம்மா. நோட்டுப்படி பாத்தா இவங்கல்லாம் இன்னும் உள்ளதான் கீறாங்க. நாளைக்கு எவனாவது கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?”

ஸ்டெல்லா பேனாவை வாங்கி 1.50 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு போனை எடுத்து அந்த வரியைப் படம் பிடித்தாள். “பேரு கீது. ஊரு கீது. உள்ள போனா, வெளிய வந்தா. பக்கத்துல சர்க்கார் ஆளு சாட்சி. இதுக்கு மேல இன்னா ஆதாரம் வேணும் அந்த விசாகாரங்களுக்கு?”

நடந்தது இவ்வளவுதான். புதுப்பட்டினத்தில் மீன் சாப்பாடு சாப்பிட்டு, அதே வழியில் திரும்பினோம். செங்கல்பட்டு ரயிலில் ஸ்டெல்லா தூங்கினாளா, தூங்குவது போல இருந்தாளா தெரியாது. அன்று இரவே என் பயணத் தேதியைத் தள்ளிவைத்தேன். தியாகம் எல்லாம் இல்லை, கூச்சம்தான். அவளிடம் சொன்னதற்கு, “உன் டிக்கெட்டு, மாத்துனா மாத்து. எனக்கின்னா?” என்றாள். அவள் அப்படிச் சொன்னது நியாயம். முரளி அடுத்த நாள் ஊரப்பாக்கம் போய் அவள் வாசலில் நின்று சொல்லிவிட்டு, குறித்த தேதியில் விமானம் ஏறினான். ஒரு கன்வெர்ட்டரை அவளிடம் கொடுத்திருக்கிறான்.

நீங்கள் போவதாக இருந்தால் தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் வேண்டும், கோட்டைக்குள் நிழல் குறைவு. மாமல்லபுரத்தைக் காலையிலும் கோட்டையைப் பிற்பகல் மூன்றுக்கு மேலும் வையுங்கள், எங்களைப் போல நண்பகலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கல்லறைச் சாவியைக் கேட்டு வாங்குங்கள், கற்கள் மேல் ஏறாதீர்கள். நண்பரிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வெளியே வரும்போது மறக்காமல் நேரம் எழுதுங்கள், அந்த மனிதர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டெல்லாவின் இரண்டாவது விண்ணப்பம் போன புதன்கிழமை போயிருக்கிறது. சம்பளச் சீட்டுகள், மருத்துவமனைக் கடிதம், அம்மாவின் ரேஷன் கார்டு ஆகியவற்றோடு கோட்டை நோட்டின் அந்த வரியின் படமும் இணைப்பு ஏழாக இருக்கிறது. விசா ஏஜென்ட் அதை எடுத்துவிடச் சொன்னார். இவள் எடுக்கவில்லை.