தறிக்குழியில் படுத்திருந்த பாட்டில்கள்

என் சிநேகிதி பிரான்சிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவருவாள். உடனே திறக்க விடமாட்டாள். "கெடக்கட்டும்டி, நாளாவ ஆவத்தான் ருசி ஏறும். அடுத்த தபா வரும்போது தொறக்கலாம்" என்பாள். காஞ்சிபுரம் வெயிலில் எங்கே போட்டு வைப்பது? எங்கள் மூவரில் இன்னொருத்தி பட்டு நெய்கிறவள். அவள் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழி சித்திரையிலும் ஜில்லென்று இருக்கும். அதன் மூலையில் பாட்டிலைப் படுக்க வைத்துச் சாக்கைப் போட்டு மூடிவிட்டாள். மாமனார் கேட்டதற்கு எலி மருந்து என்று சமாளித்தாளாம்.

ஒருமுறை அவள் அண்ணன் மகள் கல்யாணம், ஒருமுறை அவள் அம்மாவின் கண் ஆபரேஷன், ஒருமுறை அம்மாவின் திவசம். எப்போது வந்தாலும் அவளுக்கு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட நேரமிருக்காது. பாட்டில் மூன்றாகிவிட்டது.

இந்தத் தை மாதம் வந்தாள். அம்மாவின் வீட்டை விற்றுப் பத்திரம் முடித்த அன்று மாலை, நெசவுக்காரி வீட்டில் மூன்றையும் திறந்தோம். வீட்டு ஆண்கள் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்த தைரியம்தான். தோசை, ஆட்டுக்கறிக் குழம்பு, டீ கிளாஸ்கள்.

"கிளாஸ் ஓரத்துல பாரு, செங்கல் கலரு. வயசானா இப்படித்தான் ஆவும்" என்றாள் சிநேகிதி.

"நம்ம தலை மருதாணி மாதிரியே இருக்குதுடி" என்றாள் நெசவுக்காரி.

மூன்றில் புதியது நாவல்பழம் தின்றதுபோல் நாக்கைப் பிடித்தது. பழையது உலர்ந்த திராட்சை வாசனையோடு மெத்தென்று இறங்கியது. எனக்குப் பழையதுதான் பிடித்தது. அழுகையும் வந்தது. அதைக் கொண்டுவந்த வருஷம், "ரிட்டயர் ஆனதும் இங்கியே வந்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அவளுக்கு இந்த ஊரில் வீடே இல்லை.

சாப்பிட்டதும் பையிலிருந்து புது பாட்டில் ஒன்றை எடுத்தாள். "இது நல்ல சரக்கு. பத்து வருஷம் தாங்கும். அவசரப்படாதீங்க."

நெசவுக்காரி வழக்கம்போல் சாக்கை எடுக்க எழுந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாட்டில் தாங்கும், நான் தாங்க வேண்டாமா?

"இத நீயே எடுத்துக்கினு போ. சீக்கிரம் கெட்டுப்போற சரக்கு எதுனா வாங்கியா. அடுத்த வருஷமே தொறக்கலன்னா வீணாப்போவணும்" என்றேன்.

சிநேகிதி கார்க் திருகியைக் கையில் எடுத்தாள்.

"அப்ப இதயும் இப்பவே தொறந்துடலாம்டி" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.