வெண்டைக்காய் பதினாறு நாள் காத்திருக்காது

பேச்சியம்மா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ரயிலில் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் முடிந்து வரும் ஹார்பர் லைன் வண்டி. குர்லாவில் கூட்டம் இறங்கி, உட்கார இடம் கிடைத்ததும் போனை எடுத்தேன். 'ஞாயிறு பை' என்ற நம் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய மருமகள் வைஷாலி இரண்டு வரி எழுதியிருந்தாள். அன்று மதியம் மாமியார் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்பது முதல் வரி. ஞாயிற்றுக்கிழமை பை வழக்கம்போல் வரும் என்பது இரண்டாவது. முதல் வரியை நான் நம்பவில்லை. இரண்டாவதைப் படித்ததும் நம்பிவிட்டேன். அந்த வீட்டில் வேறு எப்படி எழுதுவார்கள்? நான் அழுததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

செம்பூரில் இறங்குவதற்குள் குழு நிரம்பிவிட்டது. கூப்பிய கைகள், பூமாலைகள், ஆழ்ந்த இரங்கல்கள். அதற்குப் பிறகு மெல்ல, நாசூக்காக, இன்னொரு வகைச் செய்திகள் வர ஆரம்பித்தன. இந்த வாரம் பை வேண்டாமே, பாவம், துக்கத்தில் இருக்கிறார்கள். பதினாறு முடியட்டும், பிறகு பார்க்கலாம். குடும்பத்துக்கு ஓய்வு கொடுப்போம். ஒருவர்கூடத் தீட்டு என்ற சொல்லை எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. இந்த அஞ்சலியை நான் எழுதுவது அந்தக் கோபத்தில்தான். இதைப் படிக்கப் போகிறவர்களில் பலர் அந்தச் செய்திகளை அனுப்பியவர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

குழுவில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பன்வேலுக்கு அப்பால் ஒன்றரை ஏக்கர் நிலம். வைஷாலியின் அப்பாவுடையது. அதைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டவர்கள் பேச்சியம்மாவும் அவர் கணவர் சுடலைமுத்துவும். செம்பூர், சுனாபட்டி, மாட்டுங்கா என்று நாற்பது குடும்பங்கள் பருவம் தொடங்குமுன்பே பணம் கட்டிவிடுவோம். விளைவதில் வீட்டுக்கு ஒரு பங்கு. நிறைய விளைந்தால் நிறைய, குறைந்தால் குறைச்சல். ஞாயிறு காலை லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் பைகள் வந்து செம்பூரில் எங்கள் கட்டடத்து வாசலில் இறங்கும். அங்கே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

சுடலைமுத்து வேலை பார்த்த தாராவித் தோல் பட்டறை மூடிய பிறகுதான் இதெல்லாம் தொடங்கியது. முதல் ஞாயிறு பை வாங்க வந்த எங்களில் யாரோ, ஊரில் விவசாயக் குடும்பமா என்று பேச்சியம்மாவிடம் உருக்கமாகக் கேட்டார்கள். எல்லோரும் ஆமாம் என்ற பதிலுக்காகக் காத்திருந்தோம். "ஊர்ல நான் பீடில்லா சுத்துனேன். வெவசாயம் இவ சொல்லிக் குடுத்தது," என்று வைஷாலியைக் காட்டினார். மராத்தி மருமகளிடம் பாடம் படித்த மாமியார். அந்த மருமகள் திருநெல்வேலித் தமிழில் மாமியாரைத் திருப்பி ஏசுவாள். ஏச்சும் பேச்சுமாகத்தான் அந்தக் குடும்பம் பாத்தி கட்டியது. வெண்டைக்காயை இன்னொரு நாள் விட்டால் எடை கூடும் என்பார் சுடலைமுத்து. விரல் நீளத்தில் பறித்தே ஆக வேண்டும் என்பார் பேச்சியம்மா. மகன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பவன். அங்கிருந்து போன் போட்டு இந்தச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வான். யாரும் கேட்க மாட்டார்கள்.

பேச்சியம்மா என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனாலும் என்னை மாமி என்று கூப்பிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லியும் பார்த்தேன். "மாமிங்கது வயசா? அது உங்க சாதிப் பேருல்லா," என்று சிரித்தார்.

அவரிடம் நன்றி சொல்ல முடியாது. முதல் மாதம் ஒரு ஞாயிறு பையை வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் என்றேன். "தேங்க்ஸ வச்சு நான் என்ன செய்ய மாமி? போன வாரம் குடுத்த புடலங்காய என்ன வச்சிய, அதச் சொல்லுங்க," என்றார். கூட்டுப் பண்ணினேன் என்றேன். பாசிப்பருப்பா கடலைப்பருப்பா என்று கேட்டு, தேங்காய் அரைத்ததா என்றும் கேட்டு, அதற்குப் பிறகுதான் அடுத்த ஆளைப் பார்த்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. போன வாரக் காயை என்ன சமைத்தோம் என்று சொல்லித்தான் இந்த வாரப் பையை வாங்க வேண்டும். வரிசை நகரவே நகராது. மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு பெரிய ஆபீசர், தெரியாது, வீட்டில் சமைத்தார்கள் என்றார். வீட்டில் என்ன வேகிறது என்று தெரியாத ஆளுக்குக் காய் எதற்கு என்று கேட்டு, மனைவிக்குப் போன் போட வைத்துவிட்டுத்தான் பையைக் கொடுத்தார். அடுத்த வாரம் அந்த மனிதர் பாகற்காய்ப் பிட்லையை எப்படி வைப்பது என்றே விளக்கினார்.

ஏன் இப்படிப் பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன். "பையக் குடுத்ததும் எங்க சோலி முடிஞ்சிருமா? அது வெந்து ஒருத்தர் வாய்க்குள்ள போனாத்தான முடியும்," என்றார்.

ஒரு வருடம் மழை வெள்ளம் நிலத்தை மூன்று நாள் மூழ்கடித்தது. அந்த வாரம் பை வராது என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். ரயிலே ஓடுகிறதா இல்லையா என்று தெரியாத ஞாயிறு அது. பேச்சியம்மா வந்தார். முழங்கால்வரை சேறு. ஒவ்வொரு பையிலும் ஒரு கட்டு முருங்கைக்கீரை மட்டும் இருந்தது. வரப்பில் நின்ற முருங்கை மரம் காற்றில் விழுந்துவிட்டதாம், மொத்தத்தையும் ஒடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இந்த மழையில் இதற்காகவா வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "வெள்ளாமைதான போச்சு, ஞாயித்துக்கெழம போகலையே," என்றார். அன்று செம்பூரிலும் சுனாபட்டியிலும் எத்தனை வீட்டில் முருங்கைக்கீரை அடை வார்த்தோம் என்பது உங்களுக்கே தெரியும்.

என் மாமியார் இறந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள், ஞாயிறுகூட இல்லை, பேச்சியம்மா பையோடு வந்து நின்றார். தீட்டு வீட்டில் இப்போது எதுவும் வாங்கக் கூடாது என்று ஊரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் வாசலிலேயே தடுத்தாள். பேச்சியம்மா கோபப்படவில்லை. "காய்க்குத் தீட்டு தெரியாதும்மா. வெச்சா வாடிப் போகும், அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, நேராக அடுக்களை வாசலில் உட்கார்ந்து, எங்கள் காரியத்துக்கு எந்தக் காய் ஆகும், எது ஆகாது என்று என்னிடம் விசாரித்தார். பதிமூன்றாம் நாள் விடிகாலையில் வாழைக்காய், அவரை, புடலை, பாகல் எல்லாம் வந்து இறங்கின. தக்காளி ஒன்றுகூட இல்லை. வாழைக்காய் அவர்கள் நிலத்தில் கிடையாது. எங்கேயோ அலைந்து வாங்கியிருக்கிறார். அன்று என் கணவர் தன் கையாலேயே அவருக்கு இலை போட்டுப் பரிமாறினார். பேச்சியம்மா சாப்பிட்டு முடித்து, எங்கள் பாகற்காயில் வெல்லம் அதிகம் என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மகன் வந்து சேர்ந்ததும் தகனம் முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பன்வேல் நிலத்துக்கு நான் போனபோது அவர்கள் வீட்டு வாசலில் தாராவியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுடலைமுத்து கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய அக்கா பிடித்துக்கொண்டாள். "பொண்டாட்டி செத்து மூணு நாள் ஆகல, காய் பறிக்கப் போறியாலே?"

"வெண்டைக்கா பதினாறு நாளு காத்துக் கெடக்குமாக்கா? முத்திப் போச்சுன்னா அவ என்னயத்தான் ஏசுவா," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. பாத்திக்குள் இறங்கிவிட்டார்.

பின்னாலேயே வைஷாலி போனாள், நானும் போனேன். வெண்டைச் செடியின் சுணை கையெல்லாம் அரித்தது. அவர் எதையும் இன்னொரு நாளுக்கு விடவில்லை. விரல் நீளத்துக் காயையெல்லாம் பறித்தார். பேச்சியம்மா உயிரோடு இருந்தவரை அவர் ஒருநாள்கூட ஒத்துக்கொள்ளாத அளவு அது.

ஞாயிறு காலை என் வீட்டிலேயே முதல் தகராறு. நான் பை வாங்கக் கீழே இறங்கும்போது என் கணவர் பேப்பரைப் பார்த்தபடியே சொன்னார்: "கொஞ்சநாள் போகட்டுமே. அவாளுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்."

"உங்கம்மா காரியத்துக்கு வாழைக்காய் எங்கேருந்து வந்ததுன்னு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். அவர் பேப்பரை இறக்கவே இல்லை. பையை வாங்கி வந்து மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி கீழே போனேன்.

வழக்கமாகப் பத்து மணிக்குள் வாசல் காலியாகிவிடும். அன்று மதியம் ஆகியும் பாதிக்குமேல் பைகள் அப்படியே இருந்தன. சுடலைமுத்து வாட்ச்மேன் கூண்டின் நிழலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார். இப்படியே போனால் அடுத்த பருவத்துக்கு யார் பணம் கட்டுவார்கள், நிலத்தை விட்டுவிடலாமா என்று வைஷாலியின் அப்பாவிடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். ஏதோ பஸ் வராததைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சியம்மா இத்தனை வருடம் பை இறக்கிய வாசலிலிருந்து பையைத் திருப்பி ஏற்ற நான் விடமாட்டேன் என்றேன்.

வைஷாலியும் நானும் பைகளை ஆட்டோவில் ஏற்றினோம். செம்பூர் வீடுகள், சுனாபட்டி வீடுகள். ஆட்டோ சயானைத் தாண்டாது என்பதால் அங்கே டாக்ஸி பிடித்து மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கும் நேரம். மணி அடித்து அடித்து எழுப்பினேன். சிலர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்கள். சிலர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கதவுச் சங்கிலியை எடுக்காமலே, கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள் என்று குரல் வந்தது. மாமியாரை ஆயி, அதாவது அம்மா, என்றே கூப்பிடும் வைஷாலி அந்தச் சங்கிலிக்கு முன்னால் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆயி போட்ட வெண்டைக்காய்தான் ஆன்ட்டி. நான் போட்டது அடுத்த மாசம்தான் வரும்," என்றாள். கதவு திறந்தது. அந்த வீடு எது என்று நான் எழுதப் போவதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். என் கணவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கழுவிய வெண்டைக்காயை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துப் பேப்பரில் பரப்பிக்கொண்டிருந்தார். தயிர் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அவரும் என்னோடு கீழே வந்தார். முந்தின வாரத்தைவிட அதிகக் கூட்டம் இருந்தது. எல்லோரும் ஒரு கையால் பையை வாங்கி, நெஞ்சில் கைவைத்து, ரொம்ப வருத்தம் என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்கள். சுடலைமுத்து தலையைத் தூக்கவே இல்லை. பையைத் தூக்கிக் கொடுப்பதுதான் எப்போதும் அவர் வேலை. கேள்வி கேட்பது அவருடைய மனைவியின் வேலை. அந்தக் கேள்வி இல்லாமல் வரிசை மளமளவென்று நகர்ந்தது. எனக்குத் தாங்கவில்லை.

என் கணவரின் முறை வந்தது. பையை வாங்கிக்கொண்டு அவர் நகரவில்லை. "வெண்டைக்காய் மோர்க்குழம்பு," என்றார். "தயிர்தான் கொஞ்சம் புளிச்சுப் போயிடுத்து."

சுடலைமுத்து நிமிர்ந்து பார்த்தார். "காய் முத்தலையே சாமி?"

"இல்லையே. நன்னா இளசா இருந்தது."

பின்னால் நின்ற சுனாபட்டிப் பெண், தான் புளிக்குழம்பு வைத்ததாகச் சொன்னாள். அடுத்தவர் பொரியல் என்றார். ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போனவர்கள் கேட் அருகிலிருந்து திரும்பி வந்து சொன்னார்கள். சாம்பார், பச்சடி, குழந்தைக்கு வெறும் வதக்கல். வரிசை பழையபடி நகராமல் நின்றது. சுடலைமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வியாழக்கிழமையிலிருந்து அவர் அழுது நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

அப்படியும் சில பைகள் மிஞ்சின. அவற்றில் யார் யார் பெயர் எழுதியிருந்தது என்பது எனக்குத் தெரியும். பதினாறு முடிந்ததும் ஹால் எடுத்துப் படத்திறப்பு நடத்தலாம், பேச்சியம்மாவுக்கு நன்றியுரை நான் சொல்ல வேண்டும் என்று குழுவில் யோசனை வந்திருக்கிறது. யோசனை சொன்னவர் பெயரும் அந்தப் பைகளில் ஒன்றில் இருந்தது. நான் பேச வரமாட்டேன். உயிரோடு இருந்தபோது தேங்க்ஸை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தவருக்கு மைக்கில் நன்றி சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். பையை வாங்காத கையால் படத்துக்குப் பூப் போடவும் வேண்டாம்.

பேச்சியம்மாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். போன ஞாயிறு பைகள் தீர்ந்ததும் சுடலைமுத்து என்னிடம், "அவ எடத்துல நின்னு நீங்க கேளுங்க மாமி. எனக்குக் கேக்க வராது," என்றார். சரி என்றிருக்கிறேன். வருகிற ஞாயிறு வாசலில் நான்தான் நிற்பேன். வராதவர்களும் வாருங்கள். வெள்ளிக்கிழமையோடு பதினாறு முடிந்துவிடும், அந்தச் சாக்கும் இனி இல்லை, செடியில் காய் இருக்கிறது. துக்கம் விசாரிக்க வேண்டாம், கை கூப்ப வேண்டாம். சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு போங்கள்: போன வாரம் என்ன வச்சிய?