ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

எங்கள் சபை திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் போகும் சாலையில் இருந்தது. முன்பு நூல் மூட்டைகள் அடுக்கி வைத்திருந்த குடோன் அது. போதகர் அதை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, முன்னால் ஒரு நீலத் திரை தொங்கவிட்டு, தரையில் பாய் விரித்திருந்தார். மேலே தகரக் கூரை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போல் தெற்கேயிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள்.

அங்கே ஆட்களை அழைத்து வருவது என் வேலையாக ஆகிப்போனது. நான் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பனியனில் தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுகிற வேலை. பக்கத்து மேஜைப் பெண்களிடம் பேச்சுக் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை எங்க சபைக்கு வாங்களேன்" என்று கூப்பிடுவேன். வந்தவர்கள் ஒரு வாரம் வராவிட்டால் அவர்கள் குடியிருக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுக்கே போய், காய்ச்சலா, ஊருக்குப் போயிருந்தீர்களா என்று விசாரிப்பேன். இதைக் கவனித்த போதகர், "இத நீங்களே பாத்துக்கிடுங்கம்மா. உங்களுக்குத்தான் அது வருது" என்று சொல்லிவிட்டார்.

அப்படி ஊரையெல்லாம் கூப்பிட்ட நான் என் கணவரை மட்டும் கூட்டிக்கொண்டு போக முடியாமல் இருந்தேன்.

அவர் சாமி வேண்டாம் என்றவர் அல்ல. எங்கள் ஊரில் ஒரு ஞாயிறு அவரை வேதக்கோயிலில் காணவில்லையென்றால், உடம்புக்கு என்ன என்று வீட்டுக்கு ஆள் வந்துவிடும். திருப்பூர் வந்த புதிதிலும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். பிறகுதான் அந்த மின்வெட்டுக் காலம் வந்தது. அவர் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டுபவர். வாரத்தில் கரண்ட் இல்லாமல் நின்றுபோன துணியை சனி, ஞாயிறில் ஓட்டி முடித்தாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் போகிறவர் மறுநாள் காலையில்தான் வருவார். தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். குளித்துவிட்டு, தட்டில் வைத்த இட்லியைப் பாதி தின்றுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

முதலில் எங்கள் சின்ன மகளைக் கிளப்பிவிட்டு அவரை எழுப்பிப் பார்த்தேன். "நீ பிள்ளையக் கூட்டிட்டு முன்னால போ. நான் வாரேன்" என்பார். வரமாட்டார். நாங்கள் திரும்பி வரும்போதும் அதே பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் என்னோடு சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லியிருந்தால் வேதத்தை எடுத்துவைத்துப் பேசியிருப்பேன். தூங்குகிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது?

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா உள்ளூர்க்காரர். பரம்பரையாக நெசவுக் குடும்பம், மகன்கள் இப்போது பனியன் வியாபாரத்தில் இருந்தார்கள். முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றாமல் அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. என் மேல் அவருக்குப் பிரியம் உண்டு. அந்த வருஷம், விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு அவரையும் அழைத்தேன். "அதுக்கென்னுங்க அம்மிணி, எல்லாம் சாமிதானுங்களே. வர்றனுங்க" என்றார்.

சொன்னபடியே அன்று காலை பட்டுச் சேலை கட்டி, காணிக்கைக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். என் கணவர் அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றிருந்தார்.

"ஏனுங்க தம்பி, நீங்க இன்னும் பொறப்படலீங்களா? உங்க சாமியக் கும்பிட நான் கெளம்பி நிக்கிறனுங்க. நீங்க ஊட்லயே இருக்கறீங்க?"

கேலியாகச் சொல்லவில்லை, வெள்ளை மனதாகத்தான் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் தலையைச் சீவுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வழியெல்லாம் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அவர் ஆண்கள் பக்கம் கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் வீட்டுக்காரம்மாவும் பெண்கள் பக்கம். போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் தகரத்தின் சூடு தலையில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம். திரும்பிப் பார்த்தேன். தலை மார்பில் விழுந்து, வாய் லேசாகத் திறந்து, அவர் நன்றாகத் தூங்கிவிட்டிருந்தார்.

பக்கத்தில் இருந்தவர் எழுப்பிவிடமாட்டாரா என்று பார்த்தேன். அந்த மனுஷரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்து ஆண்கள் பக்கம் போக முடியாது. மடியில் பிள்ளை வேறு. சத்தம் கூடிக்கொண்டே வந்தது. முன்னால் இருந்த பையன்கள் சிரிப்பை அடக்கினார்கள். போதகர் பேச்சை நிறுத்தினார்.

"நம்ம சகோதரர் ஒருத்தர் நமக்கு முன்னாலயே பரலோகம் போயிட்டாரு போலிருக்கு. யாராவது தட்டித் திரும்பக் கூட்டிட்டு வாங்க."

சபை முழுக்கச் சிரித்தது. யாரோ அவர் தோளைத் தட்டினார்கள். விழித்துப் பார்த்தவர், எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டு, எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தார். அப்புறம் புரிந்துவிட்டது. அந்த முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிறிது நேரம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பிறகு சத்தமில்லாமல் எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போனபோது படுத்திருந்தார். தூங்கவில்லை.

"பாஸ்டர் மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லலைங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? அவரு நல்ல மனுசன்."

"பின்ன என்ன?"

"பின்ன ஒண்ணுமில்ல. உக்காந்தா கண்ணு சொருகுது. நான் என்ன செய்ய, நீயே சொல்லு."

அவர் கழற்றிப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்தேன்.

போதகர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். என் கணவரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று பைக்கை எடுத்துக்கொண்டு வருவார். வரும்போதெல்லாம் இவர் வேலையில் இருப்பார். ஒருமுறை வந்தபோது இவர் வீட்டில் இருந்தார், ஆனால் தூக்கம். நான் எழுப்பப் போனேன். போதகர் கையைக் காட்டித் தடுத்தார். "வேண்டாம்மா. தூங்கட்டும்." நாற்காலியில் கொஞ்ச நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். விழித்ததும் இவரிடம் சொன்னேன். "எழுப்பிருக்கலாம்லா" என்றார். இரண்டு பேரும் நல்லவர்கள். இடையில் நின்று நான் என்ன செய்தாலும் அது பிசகிப்போனது.

வீட்டுக்காரம்மாவும் அதன்பின் வரவில்லை. "எங்க கோயலு மண்டபத்துல துண்ட விரிச்சுப் படுத்துக்குவாங்க அம்மிணி. ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் ஒருநாள், குறையாகச் சொல்லாமல் சாதாரணமாக. மறுபடி கூப்பிட்டபோது, "கோவிச்சுக்காதீங்க. அந்தத் தம்பி வராத எடத்துக்கு நான் வந்தா நல்லா இருக்காதுங்க" என்றுவிட்டார்.

நான் அழைப்பதை விடவில்லை. ஆனால் லைன் வீடுகளில் கதவைத் தட்டும்போது இப்போது வேறொன்று கண்ணில் பட்டது. ஏதாவது ஒரு மூலையில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தார்கள். "அவரு நைட்டு முடிச்சுட்டு இப்பத்தான்க்கா படுத்தாரு" என்று பெண்கள் மெதுவாகச் சொல்வார்கள். நானும் குரலைத் தாழ்த்தி, சபை, ஆராதனை என்று சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிட்டு, உடம்பைப் பாத்துக்கிடுங்க என்று மட்டும் சொல்லித் திரும்புவேன்.

சாயங்காலமும் ஒரு ஆராதனை வைக்கலாமே என்று போதகரிடம் கேட்டேன். உடனே வைத்தார். முதலில் சிலர் வந்தார்கள். பிறகு அந்த நேரத்துக்குத்தான் கரண்ட் வருகிறது என்று கம்பெனிகள் கூப்பிட்டுக்கொண்டன. காலிப் பாய்களுக்கு முன்னால் போதகரும் அவர் மனைவியும் நானும் பாடிப் பார்த்தோம். கொஞ்ச நாளில் போதகரே நிறுத்திவிட்டார்.

பின்னால் என் கணவர் வேறு யூனிட்டுக்கு மாறினார். அங்கே ஞாயிறு லீவு. முதல் ஞாயிறு அவர் எனக்கு முன்னால் எழுந்து, குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மொபெட்டைத் துடைத்தார். என்னையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வந்து சபை வாசலில் இறக்கினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றார் யாரோ.

"வாரேன், வாரேன்" என்று சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

வருகிறவர்களை வாசலில் நின்று வாங்க என்று அழைப்பவள் நான்தான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவர் இருந்தார். கூப்பிட்டால் எனக்காக வந்து உட்காருவார். கண் சொருகிவிடுமோ என்ற பயத்திலேயே முதுகை விறைத்துக்கொண்டு முடியும்வரை இருப்பார். கூப்பிடாவிட்டால் போய்விடுவார். நான் வாயைத் திறக்குமுன் வண்டி சாலைக்குப் போய்விட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். முடிகிற நேரத்துக்குச் சரியாக வாசலில் வந்து நிற்பார். எப்படி இருந்தது என்று கேட்பார். நல்லா இருந்தது என்பேன். பிள்ளை நடுவில் ஏறி உட்காருவாள். நாங்கள் வீட்டுக்குப் போவோம்.