நாய்க்கு வைத்த கூறு

முத்தம்மாள் அந்த நாய்க்கு விஷமுள்ள பேத்தை மீன் போடவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவள் செத்துச் சுண்ணாம்பான பிறகும் ஊர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலம். முத்தம்மாள் ஏரியில் இறங்கி, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். கரையேறியதும் பெண்கள் எல்லாரும் பிடித்ததை ஒன்றாகக் கொட்டிச் சமமாகக் கூறு போடுவார்கள். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. கூறு போட்டவள் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் கை வஞ்சகம் செய்யாது.

இரண்டு வருஷம் மழை இல்லை. ஏரி வற்றி உப்புப் பூத்தது. இறாலும் இல்லை, கூறும் இல்லை. புருஷன் வேலை தேடித் தெற்கே போனவன் திரும்பவில்லை. முத்தம்மாளிடம் மிச்சம் இருந்தது ஐந்து வயது அம்மணி மட்டும்தான்.

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லாந்துத் துரை குடியிருந்தார். அவருக்கு ஒரு நாய், பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. அவர் வைத்த பேர் அவள் வாயில் நுழையவில்லை. அவள் ராசா என்றாள், அது வாலாட்டிற்று. அதற்குச் சோறு பொங்கிப் போடுவதுதான் அவள் வேலை. ஊரே நொய்க்கஞ்சிக்கு அலைந்தபோது ராசாவுக்கு ஆட்டுக்கறிச் சோறு. என்ன அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும்தான் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் ராசா பாதிதான் தின்னும். மீதியை முத்தம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோவாள். அம்மணி உயிரோடிருந்தது அந்த மீதியால்தான்.

அதனால் ராசாவை அவள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். வெந்த கோழி எலும்பு தொண்டையில் குத்தும், ஆகாது. வெங்காயம் போட்ட குழம்பு ஆகாது, அவள் குப்பத்தில் ஒரு நாய் அதைத் தின்று சோகை பிடித்துச் செத்திருக்கிறது. பேத்தை மீன் கிடக்கும் பக்கமே விடமாட்டாள். துரையின் சமையல்காரன் கோதண்டம், "உன் நாயி என்னவிட நல்லா துன்னுது" என்று பொருமுவான்.

ஒரு நாள் பாரசீகத்திலிருந்து கப்பல் வந்தது. துரைக்கு ஒரு பெட்டி உலர்ந்த திராட்சை கிடைத்தது. நாய் கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்த சந்தோஷத்தில் முத்தம்மாளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அவள் ஒன்றை நாக்கில் வைத்தாள். தித்திப்பு உச்சந்தலைக்கு ஏறியது. பிறகு தனக்கென்று ஒன்றுகூட எடுக்கவில்லை.

ராசா அவள் காலடியில் உட்கார்ந்து பார்த்தது.

"என் புள்ளைக்குச் சோறு போடுற மவராசன் நீ. உனக்குக் கூறு வைக்காம நான் எடுத்துனு போவனா?" என்றாள்.

தரையில் கொட்டி எண்ணினாள். நாற்பது இருந்தது. இருபதுக்கு இருபது என்று இரண்டு கூறு வைத்தாள். அப்போது அம்மணியின் குச்சிக் கை ஞாபகத்துக்கு வந்தது. ராசாவின் கூறிலிருந்து ஐந்தை எடுத்து மகள் கூறில் சேர்த்து, அதை முதலில் முந்தானையில் முடிந்துகொண்டாள். மிச்சம் பதினைந்தை நாய் நக்கித் தின்றது.

அன்று சாயங்காலமே ராசா வாந்தி எடுத்தது. மறுநாள் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிறு நோகக் கிடந்தது. அதற்கு மறுநாள் மூத்திரம் நின்றுவிட்டது. நான்காம் நாள் அவள் மடியிலேயே செத்தது. இன்றைக்கு எந்த நாய் வைத்தியரைக் கேட்டாலும், திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகத்தைக் கொன்றுவிடும் என்பார். அன்றைக்கு அது முத்தம்மாளுக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது. மனிதர்கள் ஏங்கும் பண்டம் நாயைக் கொல்லும் என்று யார் நினைப்பார்கள்?

"மீன்காரி பேத்தையப் போட்டுட்டா தொரை" என்றான் கோதண்டம்.

"பேத்தை துன்னா அன்னிக்கே வாய் கோணி செத்துருக்குமே! நாலு நாளு எப்பிடிய்யா இருக்கும்?" என்று அவள் கத்தினாள். கேட்க ஆளில்லை. துரை அடிக்கவில்லை, நாயைக் கட்டிக்கொண்டு அழுதார். இனி வாசலுக்கு வராதே என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அதுவே போதுமானதாக இருந்தது.

அம்மணி ஒவ்வொரு நாளும், "ராசா சோறு எங்கம்மா?" என்று கேட்டாள். முத்தம்மாள் நண்டு வளைகளைத் தோண்டினாள், கோரைக் கிழங்கு அவித்தாள். பத்தொன்பதாம் நாள் குழந்தை கேட்கவில்லை.

மழை அடுத்த வருஷம் வந்தது. ஏரி நிறைந்தது. முத்தம்மாள் மறுபடியும் பறியைக் கவ்விக்கொண்டு இறங்கினாள். ஆனால் கூறு போட மட்டும் வரமாட்டாள், தள்ளிப் போய்க் கரையில் உட்கார்ந்துகொள்வாள். கூட இறால் பிடிக்கும் இருசம்மாள் ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

"எல்லாரும் மொறை வெச்சிப் போடுறோம். உனுக்கு இன்னாடி நோவு?"

முத்தம்மாள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வஞ்சகம் பண்ண கை. ராசா கூறுல அஞ்சு பழம் எடுத்துட்டேன். வாயில்லாத ஜீவன், அந்த ஏக்கத்துலயே செத்துப் பூட்டுச்சி. இருபதும் முழுசா வெச்சிருந்தா அது பொழைச்சிருக்கும். அது பொழைச்சிருந்தா என் அம்மணியும் பொழைச்சிருக்கும்."